குடிகாரன் என்று நான் திருப்பியனுப்பிய ஆள்

போன மாதம் கோலசிலாங்கூரில் தோட்டக் கிளினிக்குகளில் நோய் பார்த்து மருந்து கொடுக்கிற டிரஸ்ஸர்கள் எல்லாரும் கூடிய விருந்தில், வேலைக்கு வந்து ஆறு மாதமே ஆன ஒரு பெண் என் பக்கத்தில் வந்து உட்கார்ந்தாள். சபைக்குப் போகிற பிள்ளை. "அங்கிள், கிளினிக்ல வேல செஞ்சுக்கிட்டே எப்படிப் பரிசுத்தமா வாழறது? செவுத்துல வசனம் மாட்டலாமா? வர்றவங்களுக்கு ஜெபம் பண்ணலாமா?" என்று கேட்டாள்.

"மொதல்ல சாப்புடும்மா, பிரியாணி ஆறுது" என்று சொல்லித் தப்பித்துக்கொண்டேன். பதில் தெரியாமல் இல்லை. பதில் சொல்ல வேண்டுமானால் என் மானம் போன கதையைச் சொல்லியாக வேண்டும், அதுதான் சங்கடம். வீட்டுக்கு வந்த பிறகும் அது உறுத்திக்கொண்டே இருந்தது. சரி, எழுதியே விடுகிறேன். புதிதாக இந்த வேலைக்கு வந்திருக்கும் எல்லாரும் படியுங்கள். கோயிலுக்குப் போகிறவர்களும் படிக்கலாம், காய்ச்சல் ஜாதி மதம் பார்த்து வருவதில்லை.

நான் கடைசியாக வேலை பார்த்தது சுங்கை பஞ்சாங் வயல்களுக்கு இந்தப் பக்கம் இருக்கிற, பாமாயிலுக்கு வளர்க்கிற ஒரு செம்பனைத் தோட்டம். பெயர் வேண்டாம். அங்கே என் வழக்கம் இப்படி. காலையில் பெரட்டு நடக்கும், அதாவது ஆள் எண்ணி வேலை பிரிப்பார்கள். அதற்கு முன்பே உடம்பு முடியாதவர்கள் கிளினிக் ஜன்னலுக்கு வெளியே வந்து வரிசை நிற்பார்கள். நான் உள்ளே நாற்காலியில் இருப்பேன். பார்த்து எம்.சி. என்கிற மருத்துவ விடுப்புச் சீட்டு எழுதினால் ஓய்வு. எழுதாவிட்டால் வேலைக்காட்டுக்குப் போக வேண்டியதுதான். ஓர் ஆளின் உடம்பைப் பற்றி ஒரு நிமிஷத்தில் தீர்ப்புச் சொல்லும் அதிகாரம் அது. அதிகாரம் என்று அப்போது எனக்கு உறைக்கவில்லை.

பொய்ச் சீட்டு எழுத மாட்டேன் என்பதில் எனக்கு ஒரு வைராக்கியம் இருந்தது. ஒரு தடவை எங்கள் மண்டோர், அதாவது கங்காணி, கெர்லிங்கில் நடக்கிற கல்யாணத்துக்குப் போக இரண்டு நாள் சீட்டுக் கேட்டு, கூடவே ஒரு நாட்டுக்கோழியையும் கொண்டுவந்தார். கோழியை அவர் கையிலேயே திருப்பிக் கொடுத்தேன். என் மனைவிக்கு அந்தக் கோழி விஷயத்தில் இன்றுவரை வருத்தம் உண்டு. அன்றிலிருந்து எனக்கு 'அல்லேலூயா டிரஸ்ஸர்' என்று பெயர் விழுந்தது. கேலிதான், ஆனாலும் எனக்கு உள்ளூரப் பெருமை. ஞாயிற்றுக்கிழமை சபையில் சாட்சி சொல்லும்போது அந்தக் கோழிக் கதையை ஒரு தடவையா சொன்னேன்? பாஸ்டரே சிரித்துக்கொண்டு, "பிரதர், அந்தக் கோழி இன்னும் உயிரோட இருக்கா?" என்று கேட்டார்.

பொய்ச் சீட்டு எழுதாததில் தப்பில்லை, நீங்களும் எழுதாதீர்கள். என் தப்பு வேறு இடத்தில் இருந்தது. ஜன்னலில் வந்து நிற்கிறவர்களில் யார் நல்லவர், யார் கெட்டவர் என்று பார்த்தவுடன் எனக்குத் தெரிந்துவிடும் என்று நம்ப ஆரம்பித்தேன்.

அது தீபாவளி முடிந்து வந்த திங்கட்கிழமை. வாரம் முழுக்க மழை, வாய்க்கால் எல்லாம் பொங்கி வழிந்துகொண்டிருந்தது. ஜன்னலுக்கு வெளியே இருபது பேருக்கு மேல் வரிசை. பண்டிகை முடிந்த திங்கட்கிழமை எப்படி இருக்கும் என்று உங்களுக்குச் சொல்லத் தேவையில்லை. பாதிப் பேர் குடித்தது இறங்காமல் வந்து நிற்பார்கள். நான் அன்று பல்லைக் கடித்துக்கொண்டுதான் உட்கார்ந்திருந்தேன்.

ஆறாவதோ ஏழாவதோ ஆளாகச் சேகரன் வந்தார். குலை வெட்டுகிற ஆள், நாற்பது வயசிருக்கும். அதிகம் பேச மாட்டார். எப்போதாவது குடிப்பார் என்று கேள்விப்பட்டிருந்தேன். ஜன்னல் கம்பியைப் பிடித்துக்கொண்டு நின்றார். இரண்டு கண்ணும் இரத்தமாகச் சிவந்திருந்தன. சம்சு நெடி, அந்த மலிவுச் சாராயத்தின் நெடி, ஜன்னல் வழியாக என் மேசை வரைக்கும் வந்தது.

"ஐயா, மேலெல்லாம் காய்ச்சல் அடிக்கிது. கெண்டக்கால் ரெண்டும் வலி உசுரு போவுது. நிக்க முடியல."

"குடிச்சா நிக்க முடியாதுதான்" என்றேன்.

"இல்லய்யா, நான்..."

"போதும் சேகரா. வாடை இங்க வரைக்கும் வருது. கண்ணப் பாரு, கோவப்பழமாட்டம். குடிச்சிட்டு வந்து காய்ச்சல்னு சொன்னா நான் பொய்ச் சீட்டு எழுதணுமா? பெண்டாட்டி புள்ளைங்கள நெனச்சுப் பாரு. இந்த உடம்பு கடவுள் குடுத்தது, அத இப்படியா பாழாக்குவ?"

இப்படியே ஒரு சின்னப் பிரசங்கம். வரிசையில் நின்றவர்கள் சிரித்தார்கள். அவர் எதையோ சொல்ல மறுபடியும் வாயெடுத்தார். நான் கையை ஆட்டி, "அடுத்த ஆளு" என்றேன். அவர் ஒரு காலை இழுத்து இழுத்துப் போனார். அவர் நெற்றியில் நான் கை வைக்கவில்லை, காய்ச்சல்மானியை எடுக்கவில்லை. நாற்காலியை விட்டு எழுந்திருக்கவும் இல்லை. பெயரையும் புத்தகத்தில் ஏற்றவில்லை, ஏனென்றால் மருந்தோ சீட்டோ கொடுத்தவர்களை மட்டும் எழுதுவது என் பழக்கம். திருப்பியனுப்பியவர்கள் எனக்குக் கணக்கில் இல்லை.

புதன்கிழமை காலை பத்து மணி வாக்கில் மண்டோரின் லோரி கிளினிக் வாசலில் வந்து நின்றது. செம்பனை மரத்தடியில் சேகரன் சுருண்டு கிடந்தாராம். இறக்கிப் படுக்க வைத்தோம். உடம்பு நெருப்பாய்க் கொதித்தது. கூப்பிட்டால் கண்ணைத் திறக்கிறார், பேச்சு குழறுகிறது. கண்ணின் வெள்ளையில் சிவப்போடு மஞ்சளும் ஏறியிருந்தது. கெண்டைக்காலை இலேசாகத் தொட்டேன். அரை நினைவிலும் அந்த மனுஷன் அலறினார்.

அப்போதே எனக்குப் புரிந்துவிட்டது. மழைத்தண்ணீர், எலி மூத்திரம் கலந்த வாய்க்கால், சிவந்த கண், கெண்டைக்கால் வலி. எலிக்காய்ச்சலை இதைவிடத் தெளிவாக எந்த நோயாளியும் வந்து சொல்ல முடியாது. திங்கட்கிழமையே அவர் என் ஜன்னலில் நின்று ஒவ்வொன்றாகச் சொன்னார். நான் பயிற்சியில் படித்தவன். ஆனால் அன்று படித்தது எதையும் பார்க்கவில்லை, ஒரு குடிகாரனைப் பார்த்தேன்.

தோட்டத்து ஜீப்பில் போட்டுக்கொண்டு பெரிய ஆஸ்பத்திரிக்கு ஓடினோம். அசிஸ்டெண்ட் மேனேஜரும் பின்னாலேயே காரில் வந்தார். சேகரனின் மனைவி லெட்சுமி, தன் தங்கச்சியின் பிரசவத்துக்காகப் பிள்ளைகளையும் கூட்டிக்கொண்டு கலும்பாங் போயிருந்தாள். போன் போட்டதும் அங்கிருந்து நேரே கிளம்பி வந்து சேர்ந்தாள்.

அவசரப் பிரிவில் ஒரு மலாய்க்கார டாக்டரம்மா, சின்ன வயசுதான், இரத்தப் பரிசோதனைத் தாளைக் கையில் வைத்துக்கொண்டு வெளியே வந்தார். "பிலா முலா டெமாம்?" என்றார். எப்போது காய்ச்சல் ஆரம்பித்தது என்று கேட்கிறார். அந்தச் சமயத்தில் எங்கள் பக்கம் டெங்கி வேறு பரவிக்கொண்டிருந்தது. டெங்கியா வேறு எதாவதா, எத்தனையாவது நாள், என்ன தெரிந்தாலும் உடனே சொல்லுங்கள், அதை வைத்துத்தான் மருந்தும் தண்ணீரும் ஏற்ற வேண்டும் என்றார். சிறுநீரகம் வேறு நின்றுகொண்டு வருகிறதாம்.

லெட்சுமி அழுதுகொண்டே, ஞாயிற்றுக்கிழமை போனில் பேசும்போது நன்றாகத்தான் இருந்தார், அதற்கப்புறம் இரண்டு நாள் லைன் கிடைக்கவில்லை, இன்றைக்குத்தான் ஏதோ ஆகியிருக்கிறது என்றாள். டாக்டர் என்னைப் பார்த்தார். "எங்க டிரஸ்ஸர்" என்று அசிஸ்டெண்ட் அறிமுகம் செய்தார்.

திங்கட்கிழமை என்ற ஒரு வார்த்தை. என்னைத் தவிர அந்த இடத்தில் அது யாருக்கும் தெரியாது. படுத்திருக்கிறவரால் பேச முடியாது. நான் சொன்னேன்: "விசாரிச்சுச் சொல்றேன் டாக்டர்."

ஆமாம், அதைத்தான் சொன்னேன். என் வாயால்தான். கோழியைத் திருப்பிக் கொடுத்த அதே வாய்.

டாக்டர் உள்ளே போனதும் அசிஸ்டெண்ட் என்னைத் தாழ்வாரத்தின் ஓரத்துக்குத் தள்ளிக்கொண்டு போனார். நம் தமிழ்ப் பையன்தான், கெட்டவனும் இல்லை. என் முகத்தைப் பார்த்தே எதையோ ஊகித்திருக்க வேண்டும்.

"டிரஸ்ஸர், இந்த ஆளு முன்னாடி ஒங்ககிட்ட வந்தாரா?"

நான் அவசரப் பிரிவுக் கதவைப் பார்த்தேன்.

"புக்ல பேரு இருக்கா?"

"இல்ல."

"அப்ப வரலன்னுதானே அர்த்தம்? சும்மா நீங்களா வாயக் குடுத்து மாட்டிக்காதீங்க லா. ரிட்டயர் ஆவப் போற வயசு. டாக்டருங்க எப்படியும் கண்டுபுடிச்சிருவாங்க."

அவர் சொன்னதில் ஒரு பொய் கூட இல்லை பாருங்கள். புத்தகத்தில் பெயர் இல்லை என்பது உண்மை. டாக்டர்கள் கண்டுபிடிப்பார்கள் என்பதும் ஒருவேளை உண்மையாக இருக்கலாம். அழுத்தம் வரும்போது யாரும் உங்களிடம் வந்து பொய் சொல்லுங்கள் என்று கேட்க மாட்டார்கள். கொஞ்ச நேரம் சும்மா இருங்கள் என்றுதான் கேட்பார்கள்.

நான் கார் நிறுத்துமிடத்துக்குப் போனேன். ஜீப்புக்குப் பக்கத்தில் நின்று கண்ணை மூடிக்கொண்டு ஜெபம் செய்தேன். ஆண்டவரே, இந்த மனுஷனைத் தொடும், இவன் சிறுநீரகத்தைத் தொடும், இவன் பிள்ளைகளுக்காக இரங்கும் என்று சத்தமாகவே. கண்ணீர் கூட வந்தது. அப்படி உருகி நான் சபையில்கூட ஜெபித்ததில்லை.

எங்களோடு உள்ளே இருந்துவிட்டு முன்பே வெளியே வந்திருந்த ஜீப் ஓட்டுநர் டயரில் சாய்ந்து நின்றுகொண்டிருந்தார். நெற்றி நிறையத் திருநீறு பூசுகிற ஆள், என்னைவிட இரண்டு வயசு மூத்தவர். நான் கண்ணைத் திறந்ததும் தண்ணீர் பாட்டிலை நீட்டினார்.

"டிரஸ்ஸரே, சாமிகிட்ட கேட்டது சரி. உள்ள அந்த டாக்டரம்மா ஒங்ககிட்ட என்னமோ கேட்டுச்சே, அதுக்குப் பதில் சொல்லிட்டீங்களா?"

அவருக்கு எதுவும் தெரியாது. வெள்ளந்தியாகக் கேட்டார். எனக்குச் செருப்பால் அடித்த மாதிரி இருந்தது. ஐந்து நிமிஷமாக நான் ஜெபித்துக்கொண்டு இருந்தேனா, ஒளிந்துகொண்டு இருந்தேனா? கடவுள் அந்த மனுஷனைத் தொட வேண்டும் என்று கெஞ்சுகிறேன். திங்கட்கிழமை அவர் என் கைக்கெட்டுகிற தூரத்தில் நின்றபோது நான் தொட்டேனா? எங்கள் ஆண்டவர் தம்மிடம் வந்த குஷ்டரோகியை எட்ட நின்று சுகப்படுத்தவில்லை. ஊரே விலகி நின்றவனைக் கை நீட்டித் தொட்டார். என் பரிசுத்தம் ஜன்னலுக்கு உள்ளே மூக்கைப் பொத்திக்கொண்டு உட்கார்ந்திருந்தது.

தண்ணீரைக் குடிக்கவில்லை. ஓடினேன். இந்த வயசில், இந்தத் தொப்பையோடு, தாழ்வாரத்தில் ஓடினேன். அசிஸ்டெண்ட் ஏதோ சைகை காட்டினார், நான் அவரைத் தாண்டிப் போய் அவசரப் பிரிவுக் கதவைத் தட்டினேன். டாக்டர் எட்டிப் பார்த்தார். லெட்சுமியும் எழுந்து வந்துவிட்டாள். அவள் முன்னால் சொல்ல வேண்டாமே என்று ஒரு கணம் தோன்றியது. அதையும் விழுங்கிவிட்டு மலாயில் சொன்னேன். திங்கட்கிழமை காலையே காய்ச்சல் என்று என்னிடம் வந்தார். கெண்டைக்கால் இரண்டும் வலி என்றார். கண் இரண்டும் சிவந்திருந்தன. குடித்திருக்கிறார் என்று நினைத்து, தொட்டுப் பார்க்காமல் நான்தான் வேலைக்கு அனுப்பினேன். வாய்க்கால் தண்ணீரில் நின்று வேலை செய்கிற ஆள்.

டாக்டர் என்னைத் திட்டவில்லை. "கெண்டைக்காலா? திங்கட்கிழமையா? நிச்சயமாகவா?" என்று மட்டும் கேட்டுவிட்டு உள்ளே திரும்பி, தாதியிடம் ஊசி மருந்தின் பெயரைச் சொன்னார். எலிக்காய்ச்சலுக்கு உரிய மருந்து. கதவு மூடிக்கொண்டது. உங்களால்தான் பிழைத்தார் என்று யாரும் என்னிடம் சொல்லவில்லை, நானும் சொல்லிக்கொள்ள மாட்டேன். நீங்கள் சொல்லாவிட்டாலும் கண்டுபிடித்திருப்போம், ஆனால் நேரம் போயிருக்கும், அந்த நேரம் அவரிடம் இருந்ததா தெரியாது என்று பிறகு ஒரு நாள் டாக்டர் சொன்னார். அவ்வளவுதான்.

லெட்சுமி என் சட்டையைப் பிடித்தாள்.

"ஒங்ககிட்ட வந்தாரா? நோவுன்னு வந்தவர வெரட்டி விட்டீங்களா?"

"ஆமாம்மா."

"வாசல்ல நிக்கிற நாயக்கூட இப்படி வெரட்ட மாட்டாங்களே! பைபிள வச்சுக்கிட்டு ஊருக்கெல்லாம் புத்தி சொல்றீங்களே, ஒங்களுக்கு மனசுன்னு ஒண்ணு இருக்கா?"

பொத்தான் தெறித்து விழுந்தது. நான் அவள் கையை விலக்கிவிடவில்லை. விளக்கம் சொல்லவும் இல்லை. இதுவும் உங்களுக்குச் சொல்ல வேண்டியது. தப்பை ஒப்புக்கொண்டபின் எதிரில் இருப்பவர் உடனே மன்னித்துவிட வேண்டும் என்று எதிர்பார்க்காதீர்கள். அவருடைய கோபத்தை நின்று வாங்கிக்கொள்வதும் வேலையில் சேர்ந்ததுதான்.

மேனேஜர் விசாரணை வைத்தார். அங்கேயும் அதையே சொன்னேன். எச்சரிக்கைக் கடிதம் கிடைத்தது, வேலை போகவில்லை. தோட்டத்தில் இதைப் பற்றிப் பேசாதவர் இல்லை. ஜன்னலில் வந்து நிற்கிறவர்கள் என் முகத்தைப் பார்க்காமல் மருந்து வாங்கிக்கொண்டு போனார்கள். சபையில் ஒரு மூப்பர், "பிரதர், இத வெளிய சொல்ல வேணாம், தேவ நாமம் தூஷிக்கப்படும்" என்று காதோடு சொன்னார். அவர் சொன்னதைக் கேட்காமல் அந்த ஞாயிறு எல்லார் முன்னாலும் எழுந்து சொன்னேன். கோழிக் கதைக்குக் கைதட்டியவர்கள் அன்று தலையைக் குனிந்துகொண்டார்கள்.

இரண்டு வாரம் போனது. இரத்தம் சுத்திகரிக்கிற இயந்திரத்திலிருந்து சேகரனைக் கழற்றி வார்டுக்கு மாற்றியிருக்கிறார்கள் என்று தெரிந்ததும் போனேன். அதற்கு முன்பும் தினமும் போய் வாசலிலேயே நின்றுவிட்டுத் திரும்பியிருக்கிறேன், லெட்சுமி உள்ளே விடவில்லை. அன்றைக்கு அவள் விலகி நின்று வழிவிட்டாள். ஆள் பாதியாக இளைத்திருந்தார். காய்ச்சல் மூளை வரை ஏறியிருந்ததால் அந்தத் திங்கட்கிழமை அவருக்கு நினைவிருக்காது என்றே நினைத்தேன். அப்படியே விட்டிருக்கலாம். மனைவி சொல்லித் தெரிந்துகொள்வதும் நான் சொல்லித் தெரிந்துகொள்வதும் ஒன்றில்லை என்று தோன்றியது. கட்டில் பக்கத்தில் நின்று நடந்ததை எல்லாம் சொல்லி, "என்ன மன்னிச்சிரு சேகரா" என்றேன்.

அவர் மேலே மின்விசிறியைப் பார்த்தபடியே சொன்னார்.

"எனக்கு ஞாபகம் இருக்குய்யா."

"இருக்கா? அப்ப கண்ணு முழிச்சதும் ஏன் யார்கிட்டயும் சொல்லல?"

"என்னத்தச் சொல்றது." மூச்சு வாங்கியது அவருக்கு. "அன்னைக்கி நான் குடிக்கலய்யா. தீபாவளியன்னைக்கிக் குடிச்சதோட சரி. கெண்டக்கால் வலி தாங்காம சம்சுவ ஊத்தித் தேச்சுக்கிட்டு வந்தேன். அதான் வாட."

தொழிலாளர் குடியிருக்கிற லயத்தில் பாதி வீடுகளில் செய்கிற வைத்தியம் அது. கால் வலித்தால் சம்சு ஊற்றித் தேய்ப்பார்கள். நானே எத்தனையோ பேர் காலில் அந்த நெடியை முகர்ந்திருக்கிறேன்.

"அத அப்பவே சொல்லியிருக்கலாமே சேகரா" என்று வாய் தவறி வந்துவிட்டது.

"சொல்ல வந்தேன். நீங்க பேசிக்கிட்டே இருந்தீங்க."

லெட்சுமி சுவரைப் பார்த்துத் திரும்பிக்கொண்டாள். அவர் நிறுத்தவில்லை, மெதுவாகச் சொல்லிக்கொண்டே போனார்.

"வீட்டுக்குப் போயி கண்ணாடியில பாத்தேன். கண்ணு செவந்துதான் இருந்துச்சு. ஒரு வேள நெசமாவே குடிச்சிட்டு மறந்துட்டோமோன்னு எனக்கே சந்தேகம் வந்திருச்சு. நீங்க பொய் சொல்ல மாட்டீங்கன்னு தோட்டத்துக்கே தெரியும். டிரஸ்ஸரய்யா சொன்னா சரியாத்தான் இருக்கும்னுதான் கத்தியத் தூக்கிக்கிட்டு வேலைக்குப் போனேன்."

நான் அங்கேயே உட்கார்ந்து அழுதுவிட்டேன். வார்டில் எல்லாரும் பார்த்தார்கள், பார்க்கட்டும். அந்த மனுஷன் என்னை நம்பித்தான் சாவின் பக்கம் நடந்து போயிருக்கிறார். இத்தனை வருஷம் நான் சேர்த்து வைத்த நல்ல பெயர் அவரை வேலைக்காட்டுக்கு அனுப்பியிருக்கிறது. லெட்சுமி என்னைத் தேற்றவில்லை. அவள் ஏன் தேற்ற வேண்டும்?

மறுநாள் விடிந்ததும் பெரட்டுக்கு முன்னால் கிளினிக் ஜன்னலைத் தாழ் போட்டுவிட்டு, வாசல் கதவைத் திறந்து வெளியே வந்து நின்றேன். புத்தகம் என் கையில் இருந்தது. வருகிறவர் யாரானாலும் முதலில் பெயர், அப்புறம்தான் பேச்சு என்று முடிவு செய்திருந்தேன். முதலில் வந்தவன் நிஜமாகவே குடித்திருந்தான். அதில் சந்தேகமே இல்லை, கால் தரையில் பாவவில்லை. தலைவலி என்றான். தோளைப் பிடித்து பெஞ்சில் உட்கார வைத்துப் பெயரை எழுதினேன். நெற்றியில் கை வைத்தேன், கண் இமையை இழுத்துப் பார்த்தேன், கீழே குந்தி இரண்டு கெண்டைக்காலையும் அமுக்கினேன். குனிந்திருந்த என் முதுகில் அவன் வாந்தியெடுத்தான்.

எழுந்துபோய் வேறு சட்டை மாற்றிக்கொண்டு வந்து, அவனுக்குக் காய்ச்சல் பார்த்தேன்.